ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு

போன வருடம் ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. என் மகள் படிக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். ஆடிக் காற்றில் ஷாமியானா படபடத்துக்கொண்டிருந்தது. சிறப்புப் பேச்சாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். நல்ல குரல், கேட்டால் யாருக்கும் மனம் கரையும். ‘எல்லாரும் செல்போனைக் கையில் எடுங்க’ என்றார். எடுத்தோம். ‘தலைக்கு மேல தூக்குங்க.’ தூக்கினோம். ‘உங்களையும் உங்க பிள்ளையையும் பிரிச்சது இதுதான்’ என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினமும் ஒரு மணி நேரமாவது பிள்ளையோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள், தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை என்று முடித்தார். பலத்த கைதட்டல்.

அடுத்து தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். வரும் திங்கள் முதல் மாலை ஸ்பெஷல் கிளாஸ் ஏழு மணி வரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. காலாண்டு விடுமுறையில் ரிவிஷன் டெஸ்ட். அதற்கும் கைதட்டல், முன்னதைவிடக் கொஞ்சம் பலமாகவே.

பேச்சாளர் சொன்ன அந்த ஒரு மணி நேரம் எந்த மணி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று வாய் திறக்காததற்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

செல்போன் வந்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பது இன்று ஊரே ஒப்புக்கொண்ட உண்மை. பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலேயே சொல்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைக்கும் நமக்கும் நடுவே சுவர் இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கட்டியது செல்போன் இல்லை. அஸ்திவாரம் தோண்டி, செங்கல் அடுக்கி, பூச்சு வேலையும் முடிந்த பிறகு வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தது அது.

எண்பதுகளின் நடுவில் கொங்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் பத்தாவது படித்தேன். வீட்டில் போன் கிடையாது. எங்கள் தெருவுக்கு டிவியும் வந்திருக்கவில்லை. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய டிவிஎஸ் 50 தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால், வாசலில் பந்து எறிந்துகொண்டிருந்த நானும் தம்பியும் மூன்றே நொடியில் புத்தகமும் கையுமாக இருப்போம். எனக்கு ஐந்து ரூபாய் வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வேன். ராத்திரி ரசம் ஊற்றும்போது அம்மா அவர் காதில் போடுவாள். தீர்ப்பு மறுநாள் அம்மா வழியாகவே வரும். அப்பா என்னிடம் நேராகக் கேட்டது அநேகமாக ஒரே கேள்விதான்: ‘கணக்குல எவ்வளவு?’

அவர் அன்பில்லாதவர் இல்லை. எனக்குச் சைக்கிள் வாங்க வேலை பார்த்த சங்கத்திலேயே கடன் போட்டவர். ஆனால் எனக்கும் அவருக்கும் நடுவே இருந்த மௌனத்துக்கு எந்தக் கம்பெனிக்காரனும் டவர் போடவில்லை. என் வயதுக்காரர்கள் நாலு பேரை உட்காரவைத்துக் கேளுங்கள். ஐந்து கதை இதே மாதிரி வரும். அந்த வயதுக்காரர்கள்தான் இப்போது மேடையேறி, அந்தக் காலத்தில் குடும்பமாக உட்கார்ந்து பேசினோம் என்கிறார்கள். எந்தத் திண்ணையில் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

இந்த விலகலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரீட் லார்சன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சிகாகோவைச் சுற்றிய ஊர்களில் பிள்ளைகளிடம் பேஜர் கொடுத்து, அது சத்தம் போடும்போதெல்லாம் யாரோடு இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று எழுதச் சொன்னார்கள். 1996-இல் வெளியான முடிவின்படி, பத்து வயதில் விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதம் குடும்பத்தோடு கழிகிறது. பதினெட்டு வயதில் அது 14 சதவீதம். ஸ்மார்ட்போன் பிள்ளைகள் கைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது அப்போது. பிள்ளை வளர வளரக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது: அப்பாவோடோ அம்மாவோடோ தனியாக இருக்கும் நேரமும், பேசும் நேரமும் வயது ஏறியும் குறையவில்லை.

அதே லார்சனும் சண்டிகரில் சுமன் வர்மா என்ற ஆய்வாளரும் நம் நாட்டு நடுத்தர வர்க்கத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே வேலையைச் செய்தார்கள். நம் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட மிக அதிக நேரம் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். மனசு வாடியது எப்போது? படிக்கும்போது. விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது பள்ளிப் படிப்பு. அது எட்டாம் வகுப்பு. பிளஸ் டூ பிள்ளையிடம் யாராவது பேஜர் கொடுத்தால், பதில் எழுதவே அதற்கு நேரம் இருக்காது.

நேரம் என்றேன். ஈரோட்டில் என் நண்பர் ஒருவருடைய மகனின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை 4.45-க்கு எழுப்புகிறார்கள். 5.30 முதல் 7 வரை பிசிக்ஸ் டியூஷன். 8.15-க்குப் பள்ளிப் பேருந்து. 4.30-க்குப் பள்ளி முடிந்து 6 வரை ஸ்பெஷல் கிளாஸ். 6.30 முதல் 8.30 வரை கணக்கு டியூஷன். ஒன்பது மணிக்கு வீடு. சாப்பாடு. பிறகு ரெக்கார்டு நோட்டும் மறுநாள் டெஸ்டும், பதினொன்றரை வரை. மொத்தத்தில் மிஞ்சுவது சாப்பிடும் இருபது நிமிடமும், டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் பைக்கின் பின்சீட்டும்தான். சாப்பிட்டதும் அந்தப் பையன் அரை மணி நேரம் செல்போனோடு சாய்கிறான். நண்பர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் புலம்புகிறார்: ‘எப்பப் பாரு போன்தான். எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல.’

அவர் கண்ணில் படுவது அந்த அரை மணி நேரம். மற்ற பதினைந்து மணி நேரத்தை அவரே பீஸ் கட்டி விற்றுவிட்டார். அது கண்ணில் படவில்லை.

இன்னொன்று. பதின்வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. ராத்திரி தூக்கம் தாமதமாகத்தான் வரும், காலையில் தாமதமாகத்தான் கலையும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டிய பிள்ளையை ஐந்தே மணி நேரத்தில் தட்டி எழுப்புகிறோம். அது கண் எரிய, முகம் சுண்ட எழுந்து வந்து எரிந்து விழுகிறது. உடனே ‘இப்பெல்லாம் ரொம்ப எதிர்த்துப் பேசறான்’ என்கிறோம். தூக்கத்தில் எழுப்பினால் நானும்தான் எதிர்த்துப் பேசுவேன்.

பிள்ளைகளின் நேரம் ஒரே நாளில் பறிபோகவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொழிற்கல்விக்கு 1984-இல் வந்த நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2007-இல் எடுத்துவிட்டது. நோக்கம் நியாயமானது. நகரத்துக் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளை மேலே வர வேண்டும் என்பது. நான் அதை ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் பிளஸ் டூ மார்க் ஒன்றே கட்-ஆஃப் ஆனதும் அதைக் காய்ச்சி வடிக்கும் தொழில் செழித்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று ஹாஸ்டல் பள்ளிகள் எழும்பின. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் திரும்பத் திரும்ப உருவேற்றினார்கள். கோழிப்பண்ணைக்குப் பெயர்போன பக்கம் என்பதால் ஜனங்கள் அவற்றுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டு, அட்மிஷனுக்கு விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றார்கள்.

அந்த ஹாஸ்டல்களில் செல்போனுக்கு இடமே கிடையாது. பெட்டியைக் கொட்டிச் சோதிப்பார்கள். செல்போன்தான் சுவர் என்றால், அந்தப் பிள்ளைகளல்லவா தமிழ்நாட்டிலேயே அப்பா அம்மாவோடு அதிகம் ஒட்டிய பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும்? தூரத்தில் இருந்தார்கள், அதனால் ஒட்டவில்லை என்பீர்கள். சரி. தூரத்தில் கொண்டுபோய் விட்டது யார்?

2012-இல் அக்கா மகனைப் பார்க்க அப்படி ஒரு ஹாஸ்டலுக்கு அக்காவோடும் மாமாவோடும் போயிருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள். வளாகத்துப் புளியமரங்களுக்கு அடியில் ஜமக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். டிபன் கேரியரைத் திறந்தால் கோழி பிரியாணி. பையன் இளைத்திருந்தான். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ‘எங்க ரூம்ல ஒரு பையன், ராத்திரியானா...’ என்று ஆரம்பித்தான். மாமா, ‘அவன் கதை எதுக்கு? மந்த்லி டெஸ்ட்ல கெமிஸ்ட்ரி என்னாச்சு, அதச் சொல்லு’ என்றார். பையன் மார்க்கைச் சொன்னான். மற்றதைச் சொல்லவில்லை. அந்த ரூம் பையனுக்கு ராத்திரியானால் என்ன ஆகும் என்பது எங்கள் யாருக்கும் இன்றுவரை தெரியாது. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், கோழித்துண்டு தேடிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் இப்போது வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தவறாமல் கூப்பிடுகிறான். போன வாரம் பேசியது இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அக்கா சொன்ன கணக்கு.

பிறகுதான் செல்போன் வருகிறது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுப்பதை அப்போதும் பல வீடுகளில் தப்பென்றே நினைத்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. பள்ளியை மூடிவிட்டு ஆன்லைன் வகுப்பு என்றார்கள். கம்மலை அடகு வைத்து ஸ்மார்ட்போன் வாங்கிய வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வாங்கிக் கையில் திணித்ததும் நாம்தான், கண்ணை எடுக்காமல் அதைப் பார் என்று மிரட்டியதும் நாம்தான். படிப்பு என்ற சீட்டோடுதான் அது வீட்டுக்குள் நுழைந்தது. ஒன்றரை வருடம் கழித்து, ஏன் அதையே பார்க்கிறாய் என்று கேட்டோம்.

செல்போன் செய்த தீங்கு ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிள்ளையின் செல்போன் செய்ததில்லை, நம்முடையது செய்தது. என் காலத்தில் ராங்க் கார்டு என்று ஒன்று இருந்தது. நல்ல மார்க்கோ கெட்ட மார்க்கோ, அதை நான்தான் அப்பாவிடம் நீட்ட வேண்டும். எப்போது நீட்டுவது, அவர் சாப்பிட்ட பிறகா, சம்பள நாளிலா, அம்மாவை முன்னால் விட்டா என்று மூன்று நாள் யோசிப்பேன். ஒரு தடவை கையெழுத்தை நானே போட்டு மாட்டிக்கொண்டேன். அடி விழுந்தது, அடித்த பிறகு அவர் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பயத்தோடு நடந்ததுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்வதா வேண்டாமா என்ற முடிவு என் கையில் இருந்தது. இப்போது டெஸ்ட் முடிந்த சாயங்காலமே மார்க் என் செல்போனில் விழுகிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் லேட்டாகப் போனாலும் விழுகிறது. என் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவள் நாள் முழுக்க எனக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவள் என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?

ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்பது பெற்றோருக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்கள். கண்காணிப்பதாலும் தோண்டித் துருவிக் கேட்பதாலும்தான் தெரியும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். முடிவு வேறு மாதிரி இருந்தது. பெரும்பாலும் பிள்ளை தானாக வந்து சொல்வதால்தான் தெரிகிறது. இங்கே நாம் சொல்ல வாய்ப்பே தராமல் எல்லாவற்றையும் முன்கூட்டித் தெரிந்துகொண்டு, போதாததற்கு ராத்திரி பிள்ளையின் போனை எடுத்து வாட்ஸ்அப்பை மேய்கிறோம். இதற்குப் பொறுப்பான பெற்றோர் என்று பெயர்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தைத் தொடாமல் போனால் நான் ஏமாற்றுக்காரன். அமெரிக்கரான ஜோனதன் ஹைட் 2024-இல் எழுதிய ‘ஆங்சியஸ் ஜெனரேஷன்’ உலகமெங்கும் பேசப்பட்டது. ஸ்மார்ட்போனும் சமூக ஊடகமும் பிள்ளைகளின் மனநலத்தைக் குலைத்தன என்பது அவர் வாதம். ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. ஹைட்டின் வாதத்தை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ராத்திரி பத்து மணிக்குமேல் செல்போன் படுக்கைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டிலும் சட்டம், எனக்கும் சேர்த்து. ரீல்ஸில் ஊர்ப் பெண்களின் முகத்தோடு தன் முகத்தை ஒப்பிட்டு வாடும் பெண்பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் ஊர்ப் பேச்சாளர்கள் அந்தப் புத்தகத்தில் பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். மறுபாதியில் அவர் சொல்வது, பெரியவர்கள் கண்காணிக்காத விளையாட்டையும், தானாகச் சுற்றித் திரியும் சுதந்திரத்தையும் பிள்ளைகளிடமிருந்து நாம்தான் பிடுங்கினோம் என்பது. அந்தப் பாதியை நம் பள்ளி மேடையில் சொல்ல முடியாது. சொன்னால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தது யார் என்ற கேள்வி வரும்.

செல்போன் பிரிக்கிறது என்ற வாக்கியமே சில வீடுகளுக்கு அவமானம். திருப்பூரில் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனிக்குப் போகும் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனவர்கள் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். பத்தாவது படிக்கும் பெண் பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்து, உலை வைக்கட்டுமா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பதும், அன்றைக்குப் பள்ளியில் நடந்ததை டீ பிரேக்கின் பத்து நிமிடத்தில் கொட்டுவதும் அதே செல்போனில்தான். துபாயில் இருக்கும் அப்பாக்கள் ஒரு காலத்தில் கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பிள்ளை அதைக் கேட்பதற்குள் அப்பா சொன்ன காய்ச்சலே குணமாகியிருக்கும். இன்று மகன் வீடியோ காலில் ஷேவிங் எப்படிச் செய்வது என்று அவரிடம் கேட்கிறான். இவர்களிடம் போய் அந்தக் கருவியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவீர்களா?

தோழன் விஷயத்துக்கு வருகிறேன். பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தோழன் என்பவன் என்ன செய்வான்? ஒன்றும் செய்யமாட்டான். அதுதான் அவன் அருமை. டீக்கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் வெட்டியாக நிற்பான். அந்த வெட்டி நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் நாம் வீட்டில் சொல்லாததை அவனிடம் சொல்வோம். நெருக்கம் அப்படித்தான் வருகிறது. எதற்கும் ஆகாத நேரத்தின் ஓரத்தில், கேட்காமல். எதிரே உட்காரவைத்து ‘மனம்விட்டுப் பேசு’ என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. அதற்கு ஸ்டேஷனில் விசாரணை என்று பெயர். என் மகள் என்னிடம் சொன்ன பெரிய விஷயங்கள் மூன்றையும் சொன்னது பைக்கின் பின்சீட்டிலிருந்து, நான் மிக்ஸி ஜாரின் பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா அவள் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது. மூன்று தடவையும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வெட்டி நேரத்தைத்தான் நாம் மார்க்குக்குக் குத்தகை விட்டிருக்கிறோம். செல்போனைப் பிடுங்கினால் அது திரும்பாது. பிடுங்கி மீட்ட அரை மணி நேரத்திலும் ஒரு மாடல் பேப்பரைத்தான் வைப்போம் என்று பிள்ளைக்குத் தெரியும்.

மார்க்கில்லாமல் எப்படிப் பிழைப்பது என்று கேட்பீர்கள். பீஸ் கட்ட முடியாத வீட்டுக்கு மார்க் ஒன்றுதான் ஏணி. அதை நான் அறிவேன், நானே அதில் ஏறி வந்தவன். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்தரை மணி டியூஷனில் தூங்கி வழியும் பிள்ளைக்கு அந்த ஏணியில் ஒரு படி கூடுதலாக ஏறக் கிடைத்ததா என்றுதான் கேட்கிறேன்.

அரசாங்கம் சிலவற்றைச் செய்துதான் பார்க்கிறது. 2017-இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது. பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைப்பது நின்றதா என்ன? பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள் என்று 2018-இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் பிள்ளை பரீட்சை ஹாலிலேயே வளர்ந்தது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. இனிப் பழையபடி பதினொன்றாம் பாடத்தைப் பரணில் போடுவார்கள் என்று சில ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது.

என் மகள் இப்போது பிளஸ் ஒன். பொதுத்தேர்வு இல்லாத வருடம். ஆனாலும் ஜூனிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் உண்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் இப்போதே தொடங்கும். விருப்பமில்லை, ஞாயிற்றுக்கிழமை என் மகள் வீட்டில் இருப்பாள் என்று எழுதிக் கொடுத்தேன். 42 பேர் உள்ள அவள் வகுப்பில் அப்படி எழுதிக் கொடுத்த வீடுகள் 3. உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் இதே சுற்றறிக்கை வந்திருக்கும். கடிதம் நாலே வரிதான், இன்றைக்கே எழுதுங்கள்.